ஜங்கிள் பேட்: சிந்த்ல செய்றதா, சாம்ப்ளர்ல போடறதா?

போன வாரம் கோலாலம்பூர் ஜாலான் ஈப்போ மாமாக் கடைல தே தாரிக் குடிச்சிட்டு இருந்தப்போ தம்பி ஒருத்தன் கேட்டான், "அண்ணே, ஏமென் பிரேக் வெட்டிட்டேன், சப் பேஸ் போட்டுட்டேன், பேட் மட்டும் என்னமோ மாதிரி இருக்கு, கேளுங்களேன்." அவன் செய்றது ஜங்கிள், வேகமான டிரம்ம வெட்டி ஒட்டி, ஆழமான பேஸ் போட்டு செய்ற எலக்ட்ரானிக் மியூசிக். ஏமென் பிரேக்னா அதுல எல்லாரும் வெட்டற ஒரு பழைய டிரம் துண்டு, சப் பேஸ்னா ரொம்ப ஆழமான பேஸ், பேட்னா பின்னாடி நீளமா விரியற கார்ட் (சேர்ந்து ஒலிக்கற சில நோட்டு) சத்தம். ஒரு பக்க இயர்போன வாங்கி காதுல வெச்சேன். கால் மசாஜ் கடையில ஓடுமே, அதே சத்தம் லா. டிரம் மட்டும் பின்னாடி தனியா எங்கயோ ஓடிட்டு இருக்கு.

அவனுக்கு சொன்னத இங்க கொஞ்சம் நீட்டி எழுதறேன். (ஜங்கிள் மியூசிக் செய்றேன்னு எங்கம்மா கிட்ட சொன்னப்போ, "குரங்கு கத்தறதெல்லாம் வருமா"ன்னு கேட்டாங்க, அது வேற கதை.)

முதல்ல சிந்த், அதாவது சத்தத்த அடியில இருந்து உருவாக்கற வழி. அவன் யூஸ் பண்றது வைட்டல்னு ஒரு சாஃப்ட்வேர் சிந்த், ஃப்ரீ வெர்ஷன், அதுல ஒண்ணும் தப்பில்ல. ரெண்டு சா வேவ் (கரகரப்பான அடிப்படை சத்தம்), யூனிசன் நாலஞ்சு (அதே சத்தத்துக்கு நாலஞ்சு காப்பி), டீட்யூன் கொஞ்சமா (காப்பிகளோட சுருதிய லேசா விலக்கி), உச்ச சத்தத்த வெட்டற லோ பாஸ் ஃபில்டர இறக்கி வெச்சு அத மெதுவா ஆட்ட ஒரு எல்எஃப்ஓ, மேல பெரிய ரிவெர்ப் (எதிரொலி), பத்து நிமிஷத்துல பேட் ரெடி. ஆனா இங்க ஒரு கணக்கு இருக்கு, நிறைய பேர் பாக்க மாட்டாங்க. 165 பிபிஎம்ல (நிமிஷத்துக்கு 165 அடி) ஒரு பார், அதாவது நாலு அடி, 1.45 செகண்டு தான். அட்டாக்க, அதாவது சத்தம் முழுசா எழும்ப எடுக்கற நேரத்த, 2 செகண்டுனு வெச்சுட்டு பாருக்கு ஒரு கார்ட் மாத்துனா ஒரு கார்டும் முழுசா திறக்காது, எல்லாம் மூச்சு முட்டி பாதியிலயே செத்துடும். டிரம் ஓடட்டும், பேட் நடந்தா போதும், ஒரு கார்ட நாலு பாருக்கு பிடிச்சா கிட்டத்தட்ட 5.8 செகண்டு, அப்பதான் அதுக்கு ஆற அமர விரிய இடம் கிடைக்கும்.

தம்பி இத சரியாவே செஞ்சிருந்தான். அப்புறமும் மசாஜ் கடை தான். ஏன்னு கடைசில சொல்றேன்.

ரெண்டாவது வழி, பழைய ரோம்ப்ளர், அதாவது பதிவு பண்ணின சத்தங்கள உள்ளயே வெச்சு வர்ற மெஷின். கோர்க் எம்1 1988ல வந்தது, வேவ்ஸ்டேஷன் 1990, ரோலண்ட் ஜேவி-1080 1994. பிரீசெட் (உள்ள ரெடியா இருக்கற சத்தம்) திருப்பி ஒரு கார்ட அமுக்குனாலே அந்த காலத்து வாசனை வந்துடும், உண்மை. ஆனா பொட்டியா வாங்கறத நம்ம ஊர்ல நான் சிபாரிசு பண்ண மாட்டேன். செகண்ட் ஹேண்ட்ல ஒரு மாட்யூல் (கீபோர்ட் இல்லாத பொட்டி) வாங்குனேன், வித்தவர் "எல்லாம் ஓகே பாஸ்"னாரு, வீட்டுக்கு வந்து பாத்தா உள் பேட்டரி செத்து யூசர் மெமரி முழுக்க குப்பை. ஜேடி-800னு ஒண்ணு இருக்கு, 1991 மாடல், அதுல கீக்கு உள்ள போட்ட சிவப்பு பசை வயசானா உருகி வழியறது உலகம் பூரா உள்ள கம்ப்ளெயிண்ட், நம்ம வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் கேக்கணுமா. அந்த சவுண்டு தான் வேணும்னா ரோலண்ட் கிளவுட்ல ஜேவி-1080 ப்ளகினாவே இருக்கு, போதும். ஒரே குறை, அதே பிரீசெட்ட ஆயிரம் பேர் ஏற்கனவே போட்டுட்டாங்க.

மூணாவது, சாம்ப்ளர், எந்த சத்தத்தயும் பதிவு பண்ணி கீல வெச்சு வாசிக்கற மெஷின். என் ஓட்டு இதுக்குத்தான்.

தொண்ணூறுகள்ல லண்டன்ல ஜங்கிள் செஞ்ச பசங்க கிட்ட அகாய் எஸ்950 மாதிரி சாம்ப்ளர் இருந்தது, 12 பிட், மெமரி ரொம்ப கொஞ்சம். தனித்தனி நோட்ட வாசிச்சு கார்ட் கட்டறதுக்கு பதிலா ஒரு ரெக்கார்ட்ல இருந்து முழு கார்டயே எடுத்து கீபோர்ட்ல விரிச்சு ஒத்த விரல்ல வாசிச்சாங்க. விஷயமே அங்கதான். டி மைனர் 9னு ஒரு அஞ்சு நோட்டு கார்ட சாம்பிள் பண்ணி (கறுப்பு கீயும் சேத்து) மூணு கீ மேல அமுக்குனா எஃப் மைனர் 9 வரும், அதுல இருக்கற ஏ ஃப்ளாட் நோட்டு டி மைனர் ஸ்கேல்லயே கிடையாது. தியரி படிச்சவன் கை அங்க போகாது, ஆனா காதுக்கு அதுதான் ஜங்கிள். கார்ட் உறைஞ்சு போய் அப்படியே மொத்தமா நகருது. ஸ்பீடும் கூடவே மாறுது, மூணு கீ மேல போனா 5.8 செகண்டு பேட் 4.9 ஆகிடும், ஒரு ஆக்டேவ் கீழ போனா இரட்டிப்பாகி உள்ள இருக்கற ஆட்டம் எல்லாம் பாதி வேகத்துல வரும். ஒவ்வொரு கீயும் வேற வேற வேகத்துல மூச்சு விடும், சிந்த்ல இத வரவழைக்க தனியா மல்லுக்கட்டணும்.

ரெக்கார்ட்ல இருந்து சுட்டா அப்லோட் பண்ணும்போது காப்பிரைட் கிளெயிம் விழலாம், அது ஒரு தலைவலி. அதனால நான் வீட்டுலயே தேடுவேன். ஒரு நாள் சாயங்காலம் செந்தூல்ல நல்ல மழை, பக்கத்து வீட்டு ஜிங்க் கூரைல தடதடன்னு விழுது, அம்மா உள்ள எலக்ட்ரானிக் ஸ்ருதி பாக்ஸ ஆன் பண்ணி பாட உட்கார்ந்துட்டாங்க. ஃபோன்லயே இருபது செகண்டு பிடிச்சேன். ஃப்ரீயா கிடைக்கற பால்ஸ்ட்ரெட்ச்னு சத்தத்த இழுக்கற சாஃப்ட்வேர்ல எட்டு மடங்கு இழுத்து, சாம்ப்ளர்ல போட்டு ஒரு ஆக்டேவ் இறக்குனா, அய்யோ. ஸ்ருதி பாக்ஸ்ல ஸ-ப-ஸ மட்டும் தானே, மேஜரா மைனரானு சொல்ற கா இல்ல, அதனால மேஜரும் இல்ல மைனரும் இல்ல, பேஸ எங்க நகர்த்துனாலும் பெருசா சண்டை போடாது. நடுவுல கொமுட்டர் ரயில் ஹார்ன் ஒண்ணும் விழுந்திருந்தது. வெட்டிடலாம்னு தான் நினைச்சேன், இழுத்ததுக்கு அப்புறம் அது தூரத்துல யாரோ பாடற மாதிரி ஆயிடுச்சு, அத வெச்சே பிரேக்டவுன் (டிரம் அடங்கற பகுதி) போட்டேன்.

சரி, தம்பி பேட்டுக்கு வருவோம். அவன் கார்ட எல்லாம் பியானோ கிளாஸ்ல சொல்லித்தந்த மாதிரி பக்கத்து நோட்டுக்கு பக்கத்து நோட்டா வழுக்கிட்டு போயிட்டு இருந்தான், எங்கயும் ஒரு தடுக்கல் இல்ல, அதான் மசாஜ் கடை. வைட்டல தூக்கிப் போட வேண்டாம்னு சொன்னேன். அதே பேட்ல ஒரே ஒரு மைனர் 9 கார்ட எட்டு பாருக்கு பிடிச்சு ஆடியோவா பவுன்ஸ் பண்ணு (ஃபைலா பதிவு பண்ணு), சாம்பிள் ரேட்ட 22 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கு, 11 கிலோஹெர்ட்ஸுக்கு மேல இருக்கறது எல்லாம் போயிடும், அந்த இடத்துல ஹைஹேட் உட்கார்ந்துக்கும், அப்புறம் சாம்ப்ளர்ல போட்டு ஒத்த விரல்ல வாசி. கீழயும் 200 ஹெர்ட்ஸ் பக்கம் ஹை பாஸ் ஃபில்டர் போட்டு அதுக்குக் கீழ இருக்கறத வெட்டு, சப்புக்கு வழி விடு.

ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபைல் வந்தது. கார்ட் நகர்ற விதம் பிரமாதம், ஆனா ஹை பாஸ் போட மறந்துட்டான், என் ஸ்பீக்கர் மேல வெச்சிருந்த கப் தானா நடந்து ஓரத்துக்கு வந்துடுச்சு.