1961 மொனாக்கோ: மாஸின் பழைய லோட்டஸா, ஃபெராரியின் சுறாமூக்கா?

1961 மே 14. மொனாக்கோ கிராண்ட் பிரி தொடங்கச் சற்று நேரமே இருக்கிறது. முதலிடத்தில் நிற்கும் கருநீல லோட்டஸின் சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் எலும்புக்கூடு, அதன் குழாய் ஒன்றில் விரிசல் தெரிகிறது. டாங்கில் பெட்ரோல் நிரப்பியாயிற்று. மெக்கானிக் ஆல்ஃப் ஃபிரான்சிஸ் ஈரத் துண்டுகளை எடுத்து டாங்கைச் சுற்றி மூடிவிட்டு, அங்கேயே வெல்டிங் வைக்கிறார். அதே முதல் வரிசையில் பக்கத்தில் நிற்பது ரிச்சி கிந்தரின் சிவப்பு ஃபெராரி 156. அதற்கு ஒட்டுப்போடும் வேலை எதுவும் இல்லை.

அன்று ஸ்டெர்லிங் மாஸ் அந்த லோட்டஸில் ஜெயித்தார். வித்தியாசம் 3.6 நொடி. அதை வைத்து, "தெருப் பந்தயம் என்று வந்துவிட்டால் வண்டி முக்கியமில்லை, ஓட்டுபவர்தான் முக்கியம்" என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி தெரிகிறது.

முதலில் எஞ்சின். 1961இல் ஃபார்முலா ஒன் விதி மாறியது. 2.5 லிட்டர் எஞ்சின்கள் போய் 1.5 லிட்டர் வந்தது. பிரிட்டிஷ் அணிகள் இந்த மாற்றத்தை எதிர்த்துக்கொண்டே இருந்ததில் காலம் போய்விட்டது. சீசன் தொடங்கும்போது அவர்கள் கையில் இருந்தது நான்கு சிலிண்டர் கவென்ட்ரி கிளைமாக்ஸ் எஞ்சின் மட்டும்தான். மாஸின் லோட்டஸிலும் அதுதான். சுமார் 150 குதிரைத்திறன். ஃபெராரி இந்த மாற்றத்துக்கு முன்கூட்டியே தயாராகிவிட்டது. பொறியாளர் கார்லோ கிட்டியின் தலைமையில் உருவான ஆறு சிலிண்டர் வி6 சுமார் 190 குதிரைத்திறன் தந்தது. நான்கில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல். இந்த இடைவெளியை டிரைவரின் திறமை ஒன்றினால் ஈடுகட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை.

ஆனால் ஒரு விஷயம். ஃபெராரியின் அந்தச் சக்தி எஞ்சின் நன்றாக ஏறிச் சுழலும்போதுதான் முழுதாகக் கிடைக்கும். நீண்ட நேர்ப்பாதையில் அது வரம். மொனாக்கோவிலோ ஒரு சுற்றே 3.145 கிலோமீட்டர்தான். அதற்குள் காஸோமீட்டர் வளைவு, ரயில் நிலைய வளைவு என்று இரண்டு கொண்டை ஊசிகள். இரண்டிலும் வண்டி கிட்டத்தட்ட நடைவேகத்துக்கு வந்துவிடும். அங்கிருந்து கிளம்பும்போது வேண்டியது கீழ் வேகத்தில் கிடைக்கும் இழுவை. நாம் பிக்கப் என்கிறோமே, அது. கிளைமாக்ஸிடம் அது இருந்தது. மிதித்ததும் எஞ்சின் உடனே ஏற்றுக்கொண்டது. ஃபெராரி ஒரு கணம் தயங்கி, அப்புறம் பாய்ந்தது.

சேசிஸுக்கு வருவோம். மாஸ் ஓட்டிய லோட்டஸ் 18 என்பது எஞ்சினைப் பின்னால் வைத்து லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் கட்டிய முதல் வண்டி. மெல்லிய எஃகுக் குழாய்களால் ஆன கூடு, மேலே ஃபைபர் உடல். பார்ப்பதற்கு ஒரு பெட்டி மாதிரி இருக்கும், அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் எடை குறைவு, திருப்பினால் உடனே திரும்பும். 1960 மொனாக்கோவில் ராப் வாக்கரின் தனியார் அணிக்காக மாஸ் ஓட்டி ஜெயித்ததும் ஒரு 18தான். உலகச் சாம்பியன்ஷிப் பந்தயத்தில் லோட்டஸ் வண்டி பெற்ற முதல் வெற்றி அது. அதே ஆண்டு பெல்ஜியத்தின் ஸ்பாவில், இன்னொரு பக்கமும் தெரிந்தது. பயிற்சியின்போது பின் சக்கரம் கழன்று, மாஸ் தூக்கி வீசப்பட்டு இரண்டு கால்களும் முறிந்தன. வேகத்துக்காக எடையை இழைத்து இழைத்துக் குறைத்த வண்டி அது. மொனாக்கோவில் கிளம்பும் முன் தெரிந்த அந்த விரிசலையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சரி, 1961இல் மாஸ் ஏன் பழைய வண்டியிலேயே ஓட்டினார்? லோட்டஸின் சொந்த அணி புதிய லோட்டஸ் 21ஐ ஓட்டியது. மாஸ் ஓட்டிய வாக்கர் அணிக்கு அது கிடைக்கவில்லை. லோட்டஸுக்கு எஸ்ஸோவோடு ஒப்பந்தம், வாக்கருக்கு பிபியோடு. பெட்ரோல் கம்பெனிகளின் போட்டியில் உலகின் மிகச் சிறந்த டிரைவருக்குப் போன வருஷத்து வண்டி. இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

ஃபெராரி 156க்கு முன்பக்கம் இரண்டு மூக்குத் துவாரங்கள். அதனால்தான் சுறாமூக்கு என்ற பெயர். இதுவரை கட்டப்பட்ட மிக அழகான பந்தய வண்டிகளில் ஒன்று என்றே சொல்வேன். மொனாக்கோவில் மூன்று ஃபெராரிகள் ஓடின. ஃபில் ஹில்லும் வொல்ஃப்காங் ஃபொன் டிரிப்ஸும் ஓட்டியது இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு இடையே 65 டிகிரி கோணம் கொண்ட எஞ்சின். கிந்தரிடம் மட்டும் புதிய 120 டிகிரி எஞ்சின். கோணம் விரிந்ததால் எஞ்சின் தாழ்ந்து படுத்தது, வண்டியின் கனம் தரைக்கு இன்னும் நெருக்கமாக வந்தது. வளைந்துகொண்டே இருக்கும் பாதையில் இந்த விஷயம் எடுபடும்.

பந்தயம் 100 சுற்று. கிளம்பியதும் கிந்தர் முந்தினார். 14ஆவது சுற்றில் மாஸ் முதலிடத்துக்கு வந்தார். அதன் பின் கடைசி வரை அந்த இடத்தை விடவில்லை. வெயில் தாங்காது என்று லோட்டஸின் பக்கத் தகடுகளைக் கழற்றியே விட்டிருந்தார்கள். பழைய படங்களில் அவர் உட்கார்ந்திருப்பதும், கை ஸ்டியரிங்கில் எவ்வளவு லேசாக இருக்கிறது என்பதும் வெளியே தெரியும். பின்னால் முதலில் ஹில், பிறகு கிந்தர் என்று ஃபெராரிகள் மாறி மாறித் துரத்தின. பாதையோரத்தில் அணியினர் நிற்கும் பிட்டில் இருந்து கிந்தருக்கு, இருப்பதையெல்லாம் கொடு என்று பலகை காட்டினார்கள். அவர் கொடுத்தார். 84ஆவது சுற்றை 1 நிமிடம் 36.3 நொடியில் முடித்தார். அடுத்த சுற்றில் மாஸும் அதே 1 நிமிடம் 36.3 நொடி. இந்தப் பந்தயத்தில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் இதுதான். 40 குதிரைத்திறன் குறைந்த வண்டியில், அத்தனை சுற்று ஓடிய பிறகு, பத்தில் ஒரு நொடிகூட விட்டுக்கொடுக்காத பதில்.

தகுதிச் சுற்றில் மாஸின் சிறந்த நேரம் 1 நிமிடம் 39.1 நொடி. அந்த வேகத்திலேயே 100 சுற்றும் ஓடியிருந்தால் 2 மணி 45 நிமிடம் 10 நொடி ஆகியிருக்கும். அவர் முடித்தது 2 மணி 45 நிமிடம் 50.1 நொடியில். முதல் இடம் பிடிக்க ஒருவர் உயிரைக் கொடுத்து ஓட்டும் அந்த ஒரு சுற்றின் வேகத்தை, நூறு சுற்றுக்கும் ஏறக்குறைய அப்படியே இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

இப்போது முடிவுப் பட்டியலில் மாஸுக்குக் கீழே பாருங்கள். இரண்டாவது கிந்தர், மூன்றாவது ஹில், நான்காவது ஃபொன் டிரிப்ஸ். மூன்றும் ஃபெராரி. மாஸைத் தவிர வேறு எந்த லோட்டஸும் முதல் ஆறு இடங்களில் இல்லை. புதிய 21இல் கிளம்பிய ஜிம் கிளார்க் கோளாறால் தொடக்கத்திலேயே பின்தங்கிவிட்டார். இன்னொரு 21இல் இன்னஸ் அயர்லாந்து பயிற்சியிலேயே சுரங்கப்பாதையில் தவறான கியர் விழுந்து மோதி, பந்தயத்துக்கே வரவில்லை. வண்டி முக்கியமில்லை என்றால் 2, 3, 4 ஏன் இப்படி அமைய வேண்டும்? தெரு ஃபெராரியின் பலத்தை அழித்துவிடவில்லை, குறைத்தது, அவ்வளவுதான். மீதி இருந்த இடைவெளியை மூடியது ஒரே ஒரு ஆள்.

பாதை நீளமானதும் கணக்கு என்ன ஆனது என்பதற்கு ஸ்பா போதும். ஒரு மாதம் கழித்து அங்கே முதல் நான்கு இடங்களும் ஃபெராரிக்கு, மாஸ் எட்டாவது. அந்த ஆண்டு ஃபெராரி கலந்துகொண்ட ஏழு சாம்பியன்ஷிப் பந்தயங்களில் ஐந்தை வென்றது. தோற்ற இரண்டும் மாஸிடம்தான்: மொனாக்கோ, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங். இரண்டுமே வளைவுகள் ஆளும் பாதைகள்.

ஆகவே என் தேர்வு இது. மாஸ் ஓட்டுவதாக இருந்தால் மொனாக்கோவுக்கு லோட்டஸ் 18. வேறு யார் ஓட்டினாலும், அதே தெருவில், அதே நாளில், 120 டிகிரி ஃபெராரிதான். 65 டிகிரி வண்டியைக்கூட நான் எடுக்க மாட்டேன். மாஸுக்குப் பின்னால் ஹில் 41.3 நொடி தள்ளி வந்தார், கிந்தர் 3.6 நொடியில் வந்தார். அந்த வித்தியாசத்தில் எவ்வளவு எஞ்சின், எவ்வளவு கிந்தர் என்று பிரிப்பது கடினம். ஹில் அந்த ஆண்டின் உலகச் சாம்பியன் ஆனவர். அதனால் எஞ்சினுக்கு நல்ல பங்கு தரத்தான் வேண்டும்.

ஆனால் கிந்தரை மறந்துவிடக் கூடாது. அவர் பின்னாளில் 1965 மெக்சிகோவில் ஹோண்டாவுக்கு முதல் கிராண்ட் பிரி வெற்றியைத் தந்தார், அவருடைய ஒரே வெற்றியும் அதுதான். மொனாக்கோவில் மாஸைத் துரத்திய நாளைவிட மெக்சிகோவில் அவர் நன்றாக ஓட்டினார் என்று எனக்குத் தோன்றவில்லை.