நிரல் அனுப்பும் மடலுக்குக் கையொப்பம்: எஸ்/மைமா, ஓப்பன்பிஜிபியா?

ரசீது, கணக்கு அறிக்கை, எச்சரிக்கை என்று நிரலே தானாக அனுப்பும் மின்னஞ்சல்களுக்குக் கையொப்பமிட (அனுப்பியது நாம்தான், வழியில் மாறவில்லை என்று பெறுநர் சரிபார்க்கும்படி) எஸ்/மைம், ஓப்பன்பிஜிபி என இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டிலும் நாம் தனிச்சாவியால் கையொப்பமிடுகிறோம், அதன் இணையான பொதுச்சாவியால் பெறுநர் சரிபார்க்கிறார். டிகிம் இந்தப் போட்டியில் சேராது. அது டொமைன் போடும் கையொப்பம், எதைத் தேர்ந்தாலும் வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடல்களோ அதற்கு மேலோ அனுப்புகிறவர்களிடம் எஸ்பிஎஃப் (டொமைன் பெயரில் எந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம், டிமார்க் (இந்தச் சோதனைகள் தோற்றால் என்ன செய்வது என்ற அறிவிப்பு) மூன்றையும் ஜிமெயில் கட்டாயமாகக் கேட்கிறது. சர்வருக்குள் நுழையும் வழியும் இரண்டுக்கும் பொது: போர்ட் 587இல் ஸ்டார்ட்டிஎல்எஸ் (சாதாரண இணைப்பாகத் தொடங்கி மறையாக்கத்துக்கு மாறுவது), அல்லது 465இல் நேரடி டிஎல்எஸ் (தொடக்கத்திலிருந்தே மறையாக்கம்). அதைத் தாண்டி இங்கே பேச ஒன்றுமில்லை.

நாங்கள் தேர்ந்தது எஸ்/மைம். பாதுகாப்பின் வலிமையில் இரண்டுக்கும் பெரிய ஏற்றத்தாழ்வு கிடையாது. மடலின் வடிவம்கூட ஒன்றுதான்: மல்டிபார்ட்/சைன்டு என்ற கூட்டுக்குள் முதலில் உள்ளடக்கம், அடுத்து கையொப்பம். முடிவைத் தீர்மானித்தது வேறொரு கேள்வி: சாவி மாறும் நாளில் வேலை யாருக்கு?

ஓப்பன்பிஜிபியில் அந்த வேலை பெறுநர் தலையில் விழுகிறது. அவர் நம் பொதுச்சாவியை முன்கூட்டியே எடுத்து, ‘இதை ஏற்கிறேன்’ என்று தன் செயலியில் குறித்திருக்க வேண்டும். சாவியின் காலாவதியை நாம் நீட்டித்தாலும், அவர் புதிய பிரதியை எடுக்கும் வரை அவர் திரையில் அது காலாவதியான சாவிதான். முதன்மைச் சாவியை இணையம் தொடாத இடத்தில் வைத்து, சர்வரில் அதன்கீழ் உருவாக்கிய கையொப்பத் துணைச்சாவியை மட்டும் வைப்பது நல்ல பழக்கம். துணைச்சாவி மாறினாலும் முதன்மைச் சாவியின் கைரேகை (சாவியை அடையாளம் காட்டும் சுருக்கக் குறியீடு) மாறாது. ஆனால் அந்த மாற்றமும் பெறுநர் தன் பிரதியைப் புதுப்பித்தால்தான் தெரியவரும். முதன்மைச் சாவியே கசிந்துவிட்டால் நம்பிக்கையை முதலிலிருந்து கட்ட வேண்டும். ஒருவருக்கொருவர் மடல் எழுதுகிறவர்கள் தொலைபேசியில் கைரேகையைப் படித்துக் காட்டிக்கொள்ளலாம். ரசீது அனுப்பும் நிரலுக்காக அதை யார் செய்வது?

எஸ்/மைமில் சான்றிதழ் (இந்தப் பொதுச்சாவி இந்த முகவரிக்குரியது என்று ஒரு சான்றிதழ் நிறுவனம் தரும் உறுதி) மடலுக்குள்ளேயே பயணிக்கிறது. பெறுநரின் செயலி அதைத் தன்னிடமுள்ள, முன்பே நம்பப்படும் மூலச் சான்றிதழ் வரை தொடர்ந்து சரிபார்த்துக்கொள்கிறது. அவுட்லுக், ஆப்பிள் மெயில், தண்டர்பேர்டு மூன்றிலும் இது உள்ளமைந்த வசதி. நாம் சான்றிதழை மாற்றினால் பெறுநர் எதையும் தொட வேண்டியதில்லை. (ஓப்பன்பிஜிபி தண்டர்பேர்டில் 78ஆம் பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது. மற்ற இரண்டிலும் தனிச் செருகுநிரல் வேண்டும்.) பல வெப்மெயில்களில் எதை அனுப்பினாலும் அது புரியாத ஓர் இணைப்புக் கோப்பாகத்தான் தெரியும்.

ஆக, பராமரிப்பு முழுவதும் அனுப்புநரிடம் வந்து சேர்கிறது. அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. சான்றிதழ் நிறுவனங்களும் உலாவி தயாரிப்பாளர்களும் சேர்ந்த சிஏ/பிரவுசர் ஃபோரம் 2023 செப்டம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த எஸ்/மைம் விதிகளில் 1,185 நாள் வரை செல்லும் பழைய வகைச் சான்றிதழ் ஒன்று இருந்தது. 2025 ஜூலையோடு அதுவும் போனது. இப்போது உச்சவரம்பு 825 நாள். இரண்டேகால் ஆண்டுக்கு ஒருமுறை வரும் வேலையை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். அதனால் நிரல் தொடங்கும்போதே சான்றிதழின் முடிவுத் தேதியைப் படிக்கட்டும், 30 நாள் மிச்சமிருக்கையில் எச்சரிக்கட்டும், காலாவதியானால் கையொப்பமின்றி அனுப்பாமல் நின்றுவிடட்டும். கையொப்பத்துக்கு மட்டுமே பயன்பட்ட பழைய தனிச்சாவியை, மாற்றம் முடிந்ததும் அழித்துவிடலாம். அதே சாவிக்கு யாராவது மறையாக்கம் செய்து மடல் அனுப்பியிருந்தால் அழிக்கக் கூடாது, அந்த மடல்களைப் பிறகு திறக்கவே முடியாது.

முகவரியிலும் ஒரு கண்ணி உண்டு. சான்றிதழ் தருமுன் அந்த முகவரிக்கே சரிபார்ப்பு மடல் வருவது வழக்கம். வரும் மடல்களையெல்லாம் குப்பையில் தள்ளும் ‘பதில் வேண்டாம்’ முகவரியை வைத்துக்கொண்டு அந்தச் சோதனையைத் தாண்ட முடியாது. அதைப் படிக்கக்கூடிய பெட்டியாக முதலில் மாற்ற வேண்டும். அனுப்புநர் முகவரி சான்றிதழில் உள்ளதோடு பொருந்த வேண்டும். பதில்கள் வேறெங்காவது போக வேண்டுமானால் ரிப்ளை-டு தலைப்பை மாற்றினால் போதும்.

நிரலில் பெரும்பாலான தகராறு பைட்டுகளில்தான். தமிழ் போன்ற யூடிஎஃப்-8 உரையை முதலில் பேஸ்64 அல்லது கோட்டட்-பிரிண்டபிள் (இரண்டும் உரையை வெறும் ஆஸ்கி எழுத்துகளாக மாற்றும் முறைகள்) ஆக்குங்கள், இல்லையென்றால் வழியிலுள்ள சர்வர் ஏதாவது மாற்றிக் குறியாக்கக்கூடும். வரி முடிவுகளைச் சிஆர்எல்எஃப் (மின்னஞ்சலில் வரி முடிவைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள்; எல்எஃப் அதில் இரண்டாவது) ஆக்கிய பிறகுதான் கையொப்பம். எல்எஃப் மட்டும் உள்ள பிரதியில் கையொப்பமிட்டு, அனுப்பும்போது சிஆர்எல்எஃப் ஆக மாறினால் சரிபார்ப்பு தோற்கும். கையொப்பமிட்ட பகுதியை மறுபடியும் மடல் பொருளாக வாசித்து எழுதவே கூடாது. பைத்தானின் சென்ட்_மெசேஜ் செயல்கூறு மடலைத் திரும்பப் பைட்டுகளாக எழுதுகிறது, அப்போது தலைப்பு வரிகளின் மடிப்பு மாறிவிடலாம். பைத்தானிலேயே உள்ள சென்ட்மெயில் செயல்கூறுக்குத் தயாரான பைட்டுகளை அப்படியே கொடுப்பதே பத்திரம். டிகிம் கையொப்பம் இவையெல்லாம் முடிந்தபின், கடைசியாக.

எஸ்/மைம் கையொப்பமிடும் ஓப்பன்எஸ்எஸ்எல் கட்டளையில், நம் சான்றிதழை மூலச் சான்றிதழோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழை ‘செர்ட்ஃபைல்’ விருப்பத்தில் சேர்க்க மறந்தால் விசித்திரமான பிழை வரும். அந்த இடைநிலை ஏற்கெனவே சேமிப்பில் இருக்கும் கணினிகளில் எல்லாம் சரியாகத் தெரியும், புதிய கணினியில் மட்டும் ‘நம்பகமற்றது’ என்று வரும். அதனால் சோதனை மடலை இதற்கு முன் இந்த அனுப்புநரிடமிருந்து எதுவும் பெறாத கணினியில் திறந்து பாருங்கள்.

இரண்டு முறைக்கும் பொதுவான ஓர் ஓட்டை: பொருள் வரி, பெறுநர், தேதி ஆகிய தலைப்புகள் வழக்கமான கையொப்பத்துக்குள் வருவதில்லை. ஒருவருக்கு அனுப்பிய ரசீதை வேறு பொருள் வரியோடு இன்னொருவருக்குத் திருப்பிவிட்டாலும் கையொப்பம் செல்லுபடியாகும். பெயர், தேதி, தொகை, பரிவர்த்தனை எண் நான்கையும் உடற்பகுதியிலேயே எழுதிவிடுங்கள். ‘இது வெளியிலிருந்து வந்த மடல்’ என்று பட்டை ஒட்டும் அலுவலக மின்னஞ்சல் வாயில்களுக்கு மட்டும் அனுப்புநர் பக்கம் மருந்தில்லை. உடற்பகுதியே மாறிவிடுவதால் அங்கே எந்தக் கையொப்பமும் உடையும்.

ஓப்பன்பிஜிபியைத் தள்ளிவிடக் கூடாத இடங்களும் உண்டு. டெபியன் லினக்ஸின் பாதுகாப்பு அறிவிப்புகள் அதில்தான் கையொப்பமாகி வருகின்றன. வாசகர்களிடம் சாவி இருக்கும், எப்படிச் சரிபார்ப்பது என்றும் தெரியும். பெறுநர் இன்னொரு நிரல் என்றாலும் அதுவே எளிது. சான்றிதழ்ச் செலவு இல்லை, மூன்றாவது நிறுவனம் எதையும் சார்ந்திருக்க வேண்டியதில்லை. அந்த வழியில் போனால் கையொப்பமிடும் ஜிபிஜி நிரல் கடவுச்சொல் கேட்கும் சாளரத்தைத் திறக்க முயன்று நின்றுவிடாமலிருக்க, ‘பேட்ச்’ விருப்பத்தோடு பின்என்ட்ரி (கடவுச்சொல்லைப் பெறும்) முறையை ‘லூப்பேக்’ என்று வைக்க வேண்டும். கிரான் (குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் வசதி) வழியாக ஓடும்போது ஹோம் அடைவு வேறாக இருந்தால் ‘தனிச்சாவி இல்லை’ என்ற செய்தி வரும். சாவிகள் இருக்கும் அடைவைச் சொல்லும் க்னுபிஜிஹோம் மாறியை வெளிப்படையாகக் குறித்தால் சரியாகும்.

இந்தச் சாய்வு ஒரு நிறுவனம், சில அனுப்பு முகவரிகள் என்ற அளவுக்குத்தான். ஆயிரக்கணக்கான ஊழியர் முகவரிகளுக்குத் தனித்தனிச் சான்றிதழ் எடுத்து நிர்வகிப்பது வேறு கணக்கு. அங்கே இதை அப்படியே நீட்டத் தயங்குவேன்.