ஸ்கின் கிளினிக் லேசர் சிகிச்சை: சேவை எப்படி, டிப்ஸ் யாருக்கு?

பார்லரில் புருவம் திருத்திவிட்டு எழுந்தால் பத்தோ இருபதோ கையில் வைப்பதற்கு யாரும் யோசிப்பதில்லை. அதே ஆள் லேசர் கிளினிக்கில் முழுக்கால் சிட்டிங் முடித்துவிட்டு, பர்ஸைத் திறப்பதா மூடுவதா என்று ரிசப்ஷன் பக்கம் தயங்கி நிற்கிறார். வாசலில் டாக்டர் பெயர்ப்பலகை இருக்கிறது, உள்ளே எல்லோரும் வெள்ளைக் கோட்டு போட்டிருக்கிறார்கள். இது ஆஸ்பத்திரியா, பார்லரா? தயக்கம் நியாயமானது. தமிழ்நாட்டு நகரங்களில் தெருவுக்குத் தெரு வந்துவிட்ட இந்தக் கிளினிக்குகளில் அதிகம் விற்பது லேசர் முடி நீக்கம்தான். ஆறு, எட்டு சிட்டிங் என்று ஒரு வருடம் வரை போய்வர வேண்டியிருப்பதால் டிப்ஸ் கேள்வியும் ஒவ்வொரு தடவையும் கூடவே வருகிறது. அதனால் சேவையையும் டிப்ஸையும் சேர்த்தே பார்ப்போம்.

உள்ளே போனதும் சந்திப்பது மூன்று பேரை. தோல் மருத்துவர் தோலின் நிறம், முடியின் தடிமன், பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) உண்டா, சாப்பிடும் மாத்திரை என்ன, சமீபத்தில் வெயிலில் கறுத்திருக்கிறதா என்று பார்த்து, லேசர் செய்யலாமா கூடாதா என்று சொல்வார். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அடுத்து கவுன்சிலர். பேக்கேஜ், தள்ளுபடி, இஎம்ஐ எல்லாம் இவர் கையில். மூன்றாவது ஆள் டெக்னீஷியன். மெஷினைப் பிடித்து வேலை செய்பவர் இவர்தான். பெண்களுக்குப் பெரும்பாலும் பெண் டெக்னீஷியன்தான் செய்வார், அப்படி இல்லையென்றால் கேட்டுப் பெறலாம்.

டெக்னீஷியனின் வேலையை உற்றுப் பார்த்தால்தான் டிப்ஸ் எதற்கு என்பது புரியும். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, வெள்ளைப் பென்சிலால் காலைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பார். ஜெல் தடவி, குளிர்ந்த ஹேண்ட்பீஸை அழுத்தி வைத்து ஒவ்வொரு கட்டமாக நகர்த்துவார். நம்மூர் மாநிறத்துக்கும் கறுப்புத் தோலுக்கும் 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் பாதுகாப்பானது. 808 அல்லது 810 நானோமீட்டர் டயோடு லேசரையும் சரியான அளவில் வைத்துச் செய்யலாம். நல்ல டெக்னீஷியன் முதல் நாலைந்து ஷாட் அடித்ததும் நிறுத்தித் தோலைப் பார்ப்பார். சில நிமிடங்களில் மயிர்க்கால்களைச் சுற்றி இளஞ்சிவப்பாகச் சின்னச் சின்ன வீக்கம் தெரிந்தால் அளவு சரி. தோல் சாம்பல் நிறமாகவோ வெளுத்தோ தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம் பாருங்கள். ஹேண்ட்பீஸின் கண்ணாடி முனையை அவர் எத்தனை ஷாட்டுக்கு ஒரு தரம் துடைக்கிறார்? கருகிய முடித்துணுக்கும் ஜெல்லும் அந்த முனையில் ஒட்டிக்கொண்டால், ஒளியை அந்தக் கரி உறிஞ்சிச் சூடாகி, தோலில் அச்சு அடித்தது மாதிரி தீக்காயம் போட்டுவிடும். சதுரமாக, முனையின் அளவிலேயே விழும் தழும்புகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம். சின்ன முனை உள்ள மெஷினில் இரண்டு முழுக்கால் முடிக்க முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் குனிந்து நின்று, துடைத்துத் துடைத்து, “வலிக்குதா மேடம், பத்துக்கு எவ்வளவு வலி?” என்று கேட்டுக்கொண்டே செய்பவருக்கு நூறு ரூபாய் கொடுப்பது வீண் செலவே அல்ல.

முதல் நாள் ஷேவ் செய்துகொண்டு வரச் சொல்வார்கள், அதாவது 12 முதல் 24 மணி நேரத்துக்கு முன். வேக்ஸிங், த்ரெடிங் நாலு வாரத்துக்குக் கூடாது. முடி வேரோடு போய்விட்டால் லேசருக்குப் பிடிமானம் இல்லை. ஷேவ் செய்யாமல் போனால் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முடி எரிந்து தோலைச் சுடும். அதனால் டெக்னீஷியனே உட்கார்ந்து ஷேவ் செய்ய வேண்டிவரும். இரண்டு காலுக்கு அது கால் மணி நேர வேலை, அவர் சிட்டிங் கணக்கில் வராதது. அன்றைக்கு ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதுதான் முறை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். டிப்ஸ் எப்போதும் வேலை முடிந்த பிறகுதான். முன்பே கொடுக்கக் கூடாது. “நல்லா கவனிச்சுக்கோங்க” என்று உள்ளே போகும்போதே இருநூறு ரூபாயை நீட்டிவிட்டு, பாதியில் “பவர் கொஞ்சம் ஏத்தி வைங்கக்கா, சீக்கிரம் முடி போகட்டும்” என்று கேட்பவர்கள் நிறைய. காசு வாங்கிவிட்ட டெக்னீஷியனுக்கு மறுக்க நாக்கு எழாது. லேசர் முடியிலுள்ள மெலனின் என்ற கறுப்பு நிறமியைத் தேடிப் போகிறது, ஆனால் மெலனின் நம் தோலிலும் நிறைய இருக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை ஜூல் என்ற ஆற்றல் அளவைக் கூட்டினாலோ, ஒவ்வொரு ஒளித் துடிப்பின் நேரத்தைக் குறைத்தாலோ, தோல் குளிர்வதற்குள் சூடு ஏறிக் கொப்புளம் போடும். கொப்புளம் ஒரு வாரத்தில் ஆறிவிடும். அது விட்டுப்போகும் கரும்படை மாதக்கணக்கில் இருக்கும்.

நாள் கணக்கிலும் இதே கதைதான். முகத்துக்கு 4 முதல் 6 வாரம், உடம்புக்கு 6 முதல் 8 வாரம் இடைவெளி வேண்டும். வளரும் பருவத்தில் இருக்கும் முடியில் மட்டுமே லேசர் வேலை செய்யும். கல்யாணம் வருகிறது என்று காசு கொடுத்து மூன்றாவது வாரமே சிட்டிங் வாங்கினால், பேக்கேஜில் ஒரு சிட்டிங் போனதுதான் மிச்சம். கடற்கரைக்கோ கோயில் திருவிழாவுக்கோ போய்க் கறுத்து வந்தவரை “கறுப்பு இறங்கட்டும், சில வாரம் கழிச்சு வாங்க மேடம்” என்று திருப்பி அனுப்பும் டெக்னீஷியன்தான் நல்ல டெக்னீஷியன். உண்மையில் அன்றைக்குத்தான் அவருக்கு டிப்ஸ் கொடுக்கத் தோன்ற வேண்டும்.

எவ்வளவு? இங்கே சதவீதக் கணக்கு ஒத்துவராது. பேக்கேஜ் பணம் முதலிலேயே மொத்தமாகக் கட்டியாயிற்று, அன்றைய சிட்டிங்குக்கு பில்லே இல்லாமல் இருக்கலாம். அதனால் நேரத்தை வைத்துக் கொடுங்கள். மேலுதடு, தாடை, அண்டர்ஆர்ம்ஸ் போன்ற பத்துப் பதினைந்து நிமிட வேலைக்கு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை, கொடுத்தால் 50 போதும். முழுக்கை, முழுக்கால், முதுகு என்றால் 100 முதல் 200. ஹைட்ராஃபேஷியல் மாதிரி முகத்தைக் கழுவி, உறிஞ்சி, சீரம் தேய்த்து, முக்கால் மணி நேரம் பார்லர் வேலையே போலச் செய்பவருக்கு 100. அமிலம் பூசித் தோலின் மேலடுக்கை உரிக்கும் கெமிக்கல் பீல் வேறு ரகம். கிளைகாலிக் அமிலம் பூசிய பிறகு சில நிமிடங்களுக்குள் சோடியம் பைகார்பனேட் கரைசலால் அதை நிறுத்தியாக வேண்டும், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்க வேண்டிய வேலை. டாக்டரே செய்தால் டிப்ஸ் இல்லை, நர்ஸோ டெக்னீஷியனோ செய்தால் லேசர் கணக்கே.

பேக்கேஜ் முழுவதற்கும் சேர்த்துக் கடைசியில் கொடுக்கலாம் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். இந்தத் தொழிலில் ஆட்கள் அடிக்கடி மாறுவார்கள். எட்டாவது சிட்டிங்கில் வேறு ஒருவர் இருப்பார், முதல் ஐந்தைச் செய்தவர் வேறு கிளினிக் போயிருப்பார். அந்தந்த நாள் கணக்கை அன்றே முடிப்பதுதான் சரி.

கொடுக்கும் விதம்: ரொக்கமாக, கையில், உடை மாற்றிக்கொண்டு வெளியே வரும்போது. ரிசப்ஷனில் கார்டு தேய்க்கும்போது சேர்த்துப் போடச் சொன்னால் அது கம்பெனி கணக்குக்குப் போகும், அவர் கைக்கு வருமா என்பது யாருக்கும் தெரியாது. சில்லறை இல்லையே என்று ஜிபே நம்பர் கேட்கிறார்கள். ஒரு பெண் டெக்னீஷியனின் சொந்த நம்பரை, அதுவும் ஆண் வாடிக்கையாளர், டிப்ஸுக்காகக் கேட்பது நல்ல பழக்கம் இல்லை. அவராகக் கொடுத்தால் சரி. நூறு ரூபாய் நோட்டு இரண்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டு போவது பெரிய காரியம் இல்லை. “டிப்ஸ் கொடுக்காதீர்கள்” என்று பலகை வைத்திருக்கும் கிளினிக்கில் ரகசியமாகத் திணிக்கவும் வேண்டாம். மாட்டினால் வேலை போவது அவருக்குத்தான். அங்கே அவர் பெயரைச் சொல்லி மேலாளரிடம் இரண்டு நல்ல வார்த்தை சொல்லுங்கள், கூகுளில் பெயரோடு எழுதுங்கள். பல இடங்களில் இந்தப் பெயர்க் கணக்கு சம்பள உயர்வு பேசும்போது உதவுகிறது.

பில்லையும் ஒரு தரம் பாருங்கள். ஆஸ்பத்திரிச் சேவைக்கு உள்ள ஜிஎஸ்டி விலக்கு அழகுக்கான அறுவை சிகிச்சைக்கும் முடி மாற்று சிகிச்சைக்கும் கிடையாது. பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, விபத்து, காயம் ஆகியவற்றைச் சரிசெய்வதற்கு மட்டும் விலக்கு உண்டு. ஜிஎஸ்டி என்று பிடிப்பது அரசுக்குப் போகும் பணம், அதை ஊழியருக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொள்ளக் கூடாது. “சர்வீஸ் சார்ஜ்” என்று தனித் தொகை இருந்தால் அது எதற்கு, யாருக்கு என்று கேளுங்கள்.

டாக்டருக்கு டிப்ஸ் கிடையவே கிடையாது. போடாக்ஸ், ஃபில்லர், பிஆர்பி (நம் ரத்தத்திலிருந்தே எடுத்த பிளாஸ்மா) எல்லாம் ஊசி போடுகிற மருத்துவ வேலை, ஃபீஸே அதற்கான கூலி. மனம் நிறைந்திருந்தால் பழமோ ஸ்வீட்டோ எல்லோருக்குமாக வாங்கிக் கொடுக்கலாம். கவுன்சிலருக்கும் வேண்டாம். பேக்கேஜ் விற்றால் பல இடங்களில் அவருக்கு இன்சென்டிவ் உண்டு. “டாக்டரிடம் சொல்லி ரெண்டு சிட்டிங் ஃப்ரீயா வாங்கித் தரேன்” என்று அவர் சொன்னால் அதை வாயால் வாங்கிக்கொள்ளாதீர்கள், பேக்கேஜ் ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

முடி மாற்று சிகிச்சையில் கவனம் இன்னும் வேண்டும். இரண்டாயிரம், மூவாயிரம் கிராஃப்ட் (எடுத்து நடும் முடிவேர்) என்றால் காலையில் படுத்தால் மாலைதான் எழுந்திருக்க முடியும், நாலைந்து பேர் முறை வைத்து வேலை செய்வார்கள். வொர்க்ஷாப்பில் பார்த்துக் கற்றுக்கொண்டு டெக்னீஷியன்களே இதைச் செய்யக் கூடாது, முறையான பயிற்சி பெற்ற பதிவு மருத்துவர்தான் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் சொல்லியிருக்கிறது. உதவியாளர்கள் டாக்டரின் மேற்பார்வையில் வேலை செய்பவர்கள். மரத்துப்போகும் ஊசி போட்டுக் குப்புறப் படுத்திருக்கும் ஆளிடம் “சார், டீமுக்கு ஏதாவது பார்த்துப் பண்ணுங்க” என்று நடுவில் கேட்டால், அது டிப்ஸ் அல்ல, மிரட்டல். அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். கொடுக்க விரும்பினால், மறுநாள் தலை கழுவிவிட வரும்போது கழுவிவிடுபவருக்கும், முந்தைய நாள் உணவு, தண்ணீர் பார்த்துக்கொண்டவருக்கும் ஆளுக்கு 200 கொடுக்கலாம்.

கிளினிக்கை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதே கேள்வி வரும். தனியார் ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் அன்று ஆயாவும் வார்டு பாயும் வாசலில் நின்று தலையைச் சொறிவார்கள். உடம்பைத் துடைத்துவிட்டு, பெட்பேன் எடுத்து, ராத்திரி கூப்பிட்டபோது வந்த ஆயாவுக்குக் கொடுங்கள். அவர் சம்பளம் குறைவு, வேலை கடுமை. அரசு ஆஸ்பத்திரியில் நிலைமை வேறு. ஸ்ட்ரெச்சர் தள்ள, பிறந்த குழந்தையைக் காட்ட என்று கேட்பது லஞ்சம். 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி கொடுப்பதும் குற்றம். வேறு வழியில்லாமல் கட்டாயத்தின் பேரில் கொடுக்க நேர்ந்தால் ஏழு நாளுக்குள் புகார் செய்தால்தான் கொடுத்தவருக்குப் பாதுகாப்பு. போலீஸிலோ லஞ்ச ஒழிப்புத் துறையிலோ எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி சேவைக்கு வருவோம். தோல் மருத்துவரே நடத்தும் சின்ன கிளினிக்குக்கே எங்கள் ஓட்டு. மெஷின் ஒன்றுதான் இருக்கும், தேதி கிடைப்பது கஷ்டம், ஆனால் சந்தேகம் வந்தால் டெக்னீஷியன் அடுத்த அறையில் தட்டி டாக்டரைக் கூப்பிடலாம். பெரிய செயின்களில் மெஷின் நன்றாக இருக்கும், ஏசி, காபி, ஆப்பில் புக்கிங் எல்லாம் உண்டு. ஆனால் முதல் நாளுக்குப் பிறகு டாக்டர் முகத்தைப் பார்ப்பது அபூர்வம். டாக்டரே இல்லாமல் பார்லரில் லேசர் செய்வதை எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். அங்கே டிப்ஸ் கேள்வி எளிது, தீக்காயம் பட்டால் மருந்து எழுதித் தரத்தான் ஆள் இருக்காது.

எங்கே செய்தாலும் ஒவ்வொரு சிட்டிங் முடிந்ததும் ஃபைலை வாங்கிப் பாருங்கள். தேதி, எந்த மெஷின், எத்தனை ஜூல், துடிப்பின் நேரம், செய்தவர் பெயர் இத்தனையும் அதில் எழுதியிருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போன பிறகு எரிச்சல் 24 மணி நேரத்தில் அடங்காமல் கொப்புளம் வந்தால், கிள்ள வேண்டாம், ஐஸை நேரடியாகத் தேய்க்க வேண்டாம், குளிர்ந்த ஈரத்துணி போட்டு, காயத்தையும் படம் எடுத்து அன்றே டாக்டரைப் பாருங்கள். டிப்ஸ் வாங்கிய அதே பெண்ணின் பெயர் அந்த ஃபைலில் இருக்கிறதே என்று சங்கடப்பட்டு வாய் மூடிக்கொள்பவர்கள் உண்டு. அடுத்து அந்த மேஜையில் படுக்கப்போகிறவருக்கும் அதே அளவுதான் வைப்பார்கள், அதனால் டாக்டரிடம் சொல்லுங்கள்.