கல்லில் பெரும்பாலும் பட்டாளம்தான்: அமெரிக்க முன்னாள் படைவீரர் நினைவுச் சேவை

அமெரிக்கப் படையில் சில வருடம் இருந்து, பிறகு ஒரு கல்லூரியின் நிதி அலுவலராக முப்பது வருடம் கணக்கு பார்த்தவர் இறந்தால், முன்னாள் படைவீரர் துறை கல்லறைக் கல்லை இலவசமாகத் தருகிறது. கல்லில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிற்கும் வகை 42 அங்குல நீளம், 13 அகலம், 4 தடிமன், எடை சுமார் 230 பவுண்டு. தனியார் இடுகாடென்றால் நடும் கூலி குடும்பத்துடையது. சில இடுகாடுகளில் தரையோடு பதிக்கும் தகடுதான் வைக்கலாம்; முதலில் அங்கே விசாரித்துவிட்டு வகையைத் தேர்ந்தெடுங்கள். வீட்டாரே கல் வாங்கியிருந்தால் அதில் பொருத்த மூன்று அளவுகளில் வெண்கலப் பதக்கம் உண்டு. ஆனால் கல், பதக்கம் இரண்டில் ஒன்றுதான்.

கல்லுக்கு விண்ணப்பிக்கும் படிவம் 40-1330-உடன் டிடி 214 எனும் படைவிலகல் சான்றின் நகலை வையுங்கள். மூலத்தை அனுப்பினால் திரும்பி வராது. பலர் இடறுவது இந்தச் சான்றில்தான். படைவீரர் கோப்புகளை வைத்திருந்த செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் 1973 ஜூலையில் பற்றிய தீ, 1912 நவம்பரிலிருந்து 1959 முடிய தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் தின்றுவிட்டது. கோப்பு எரிந்துபோயிருந்தால் கடைசிச் சம்பளச் சீட்டு போன்றவற்றை வைத்துச் சேவையை உறுதி செய்கிறார்கள். (கணக்குக்காரருக்குப் பொருத்தமான சாட்சிதான்.)

பெயர், படைப்பிரிவு, பிறந்த வருடம், இறந்த வருடம் ஆகியவை கட்டாயம். பதவி, போர், விருது பொறிக்க ஆதாரம் வேண்டும். 'அன்புத் தந்தை' போன்ற சின்ன வரியும் கேட்கலாம், துறை ஒப்புக்கொண்டால். முப்பது வருடக் கல்லூரிப் பணியை விவரிக்க அங்கே இடமில்லை. இந்தச் சேவையின் பெரிய ஓட்டை இதுதான். கல் வந்திறங்கியதும் எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். பிழை இருந்தால் நடவிடாமல் உடனே தெரிவித்தால் மாற்றித் தருவார்கள்.

அந்த ஓட்டையை ஓரளவு அடைப்பது, 2019-ல் தொடங்கிய 'வெட்டரன்ஸ் லெகசி மெமோரியல்' இணையதளம். துறையின் தேசிய இடுகாடுகளில் அடக்கமானவர்களுக்குத் தனிப் பக்கம் இருக்கிறது; தனியார் இடுகாட்டில் 1996-க்குப் பிறகு துறையின் கல்லோ பதக்கமோ பெற்றவர்களுக்கும் உண்டு. படம், ஆவணம், வாழ்க்கைக் குறிப்பு எல்லாம் ஏற்றலாம். சரிபார்த்த பிறகே வெளியாகும். "நேர்மையானவர்" என்று எழுதி நிறுத்தாதீர்கள். எந்த வருடம் கல்லூரியில் சேர்ந்தார், எந்தக் கட்டடத்துக்குப் பணம் திரட்டினார், கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்குத் தவணை வைத்தாரா என்று எழுதுங்கள்.