வியெலிச்காவா, போக்னியாவா? போலந்தின் இரண்டு உப்புச் சுரங்கங்கள்

கிராக்கோவ் போகிறவர்களில் பெரும்பாலோர் யோசிக்காமல் வியெலிச்காவுக்கு டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். முதல்முறை போகிறவர்களுக்கு அது சரியான முடிவுதான். முழங்கால் வலி உள்ளவர்களும் பள்ளிப் பிள்ளைகளோடு போகிறவர்களும் மட்டும் போக்னியா பக்கம் திரும்பலாம். இரண்டிலும் 13ஆம் நூற்றாண்டிலிருந்து பாறை உப்பு வெட்டினார்கள். யுனெஸ்கோ பட்டியலில் வியெலிச்கா 1978இலேயே இடம்பிடித்தது. போக்னியா 2013இல்தான் சேர்ந்தது.

இறங்கும் விதத்திலேயே வித்தியாசம் தொடங்கிவிடுகிறது. வியெலிச்காவின் சுற்றுலாப் பாதைக்கு டானிலோவிச் குழியின் மரப்படிகளில் இறங்க வேண்டும். 64 மீட்டர் ஆழத்தில் உள்ள முதல் தளத்தை எட்டவே 350க்கும் மேற்பட்ட படிகள். 135 மீட்டர் ஆழம்வரை போய் முடிப்பதற்குள் மொத்தம் 800 படிகள் ஆகிவிடும். மேலே வர மட்டும்தான் லிஃப்ட். பெரும்பாலும் இறக்கம் என்பதால் மூச்சு வாங்காது, ஆனால் பாரம் முழுவதும் முழங்காலில் விழும். பிடிமானமுள்ள ஷூ அவசியம். உள்ளே ஆண்டு முழுவதும் 17, 18 டிகிரிதான். கோடையிலும் ஒரு ஸ்வெட்டர் வேண்டும்.

இத்தனை படி இறங்குவதற்குப் பலன் 101 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது: புனித கிங்கா தேவாலயம். 54 மீட்டர் நீளம், 12 மீட்டர் உயரம். சுவர், பலிபீடம், சிலைகள் எல்லாமே உப்புதான். தரையைப் பார்த்தால் ஓடு பதித்ததுபோல் இருக்கும். குனிந்து பாருங்கள், அதுவும் ஒரே பாறையில் கோடு கீறிச் செதுக்கியதே. 1896இல் தொடங்கிய வேலை இது, செய்தவர்கள் சுரங்கத் தொழிலாளர்கள். அவர்களில் அன்டோனி விரோடெக் செதுக்கிய 'இறுதி இரவுணவு' புடைப்புச் சிற்பத்தின் முன் அவசரப்படாமல் நில்லுங்கள். உப்பு பளிச்சென்று வெள்ளையாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். களிமண் போன்ற கலப்பால் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும்.

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான புனித அந்தோணியார் தேவாலயத்தையும் கவனித்துப் பாருங்கள். குழி வழியே வந்த ஈரக்காற்று உப்பைக் கரைத்ததில், அங்குள்ள சிலைகள் பலவற்றின் முகம் மழுங்கிப்போயிருக்கிறது. உப்புச் சுரங்கத்துக்கு ஈரம் ஏன் எதிரி என்பது அங்கே நேரடியாகத் தெரியும்.

போக்னியாவில் செதுக்குவேலை குறைவு, சுரங்கம் சுரங்கமாகவே இருக்கிறது. லிஃப்டில் இறங்கி, நிலத்தடி ரயிலில் போகலாம். அங்கும் ஒரு கிங்கா தேவாலயம் உண்டு, அதன் நடுவிலேயே தண்டவாளம் ஓடுகிறது. ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு 140 மீட்டர் நீளச் சறுக்கு. வேண்டாம் என்பவர்களுக்குப் படியும் உண்டு. ஏறத்தாழ 250 மீட்டர் ஆழத்தில் உள்ள வாஜின் அறையில் விளையாட்டுத் திடலும் இரவு தங்கப் படுக்கைகளும் இருக்கின்றன. வெப்பநிலை 14 முதல் 16 டிகிரி, தங்குவதானால் நல்ல கனமான உடை தேவை.

இரண்டிலும் வழிகாட்டியோடுதான் போக முடியும். ஆங்கிலச் சுற்றுக்கான நேரத்தை முன்பே பதிவு செய்துவிடுங்கள். போக்னியாவில் அது எல்லா நேரத்திலும் கிடைக்காது. கிராக்கோவிலிருந்து இரண்டுக்கும் ரயில் உண்டு. போக்னியா சுமார் 40 கிலோமீட்டர் தூரம். வியெலிச்காவுக்குப் போகிறவர்கள் கடைசி நிறுத்தமான ரினெக் கோபால்னியாவில் இறங்க வேண்டும், அங்கிருந்து சுரங்கம் நடக்கும் தூரம்தான்.