அப்பாவின் கால் சீழும் மூன்று வாரக் கல்ச்சரும்

இந்த மருத்துவக் கல்லூரி லேப்புக்கு ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம் கடைசியில்.

அப்பாவுக்கு ஏழெட்டு வருடமாக வலது பாதம் வீங்கி, அங்கங்கே ஓட்டை விழுந்து சீழ் வடிகிறது, ஆனால் வலி பெரிதாக இல்லை. வெறுங்காலோடு வயலில் நிற்கிறவர், முள் குத்தியதை எல்லாம் யார் கணக்கு வைத்தார்கள்? ஊரில் யானைக்கால் என்றார்கள். முன்பு போன லேப்பில் பஞ்சுக் குச்சியால் சீழைத் தொட்டெடுத்து, இரண்டாம் நாளே 'எதுவும் வளரவில்லை' என்று கொடுத்துவிட்டார்கள், அதை நம்பி, பாக்டீரியா இல்லை என்று பூஞ்சை மாத்திரையிலேயே ஒரு வருடம் போனது.

இந்த லேப்பில் எடுத்த எடுப்பிலேயே கேட்டது, சீழோடு குருணை மாதிரி வருகிறதா, என்ன நிறம் என்று. வெள்ளை என்றேன். கறுப்பு என்றால் அநேகமாகப் பூஞ்சைதானாம், வெள்ளை என்றால் பூஞ்சையாகவும் இருக்கலாம், பாக்டீரியாவாகவும் இருக்கலாம், பார்த்தால்தான் தெரியும். ராத்திரி முழுக்க புண்மேல் காஸ் துணி வைத்துக் கட்டி, காலையில் அந்தத் துணியையே கொண்டுவரச் சொன்னார்கள். அதில் ஒட்டியிருந்த குருணையை நசுக்கி, கிராம் சாயம் (பாக்டீரியாவைப் பார்க்கப் போடுவது) போட்டு எனக்கும் காட்டினார்கள்: கிளை கிளையாகப் பிரிந்த ஊதா நூல்கள். பூஞ்சை நூல் இதைவிட நல்ல தடிமனாம், ஆக இது பாக்டீரியா.

அப்புறம் இன்னொரு சாயம். டிபி-க்குப் போடுவதேதான், ஆனால் கழுவுகிற அமிலம் ஒரு சதவீதம் மட்டும். நோகார்டியா என்ற பாக்டீரியா என்றால் அதில் சிவப்பு பெரும்பாலும் தங்கும். அப்பாவுடையதில் தங்கவில்லை. கல்ச்சர் தட்டை (கிருமியை வளர்க்கிற தட்டு) மூன்று வாரம் வைத்திருந்து, வந்தது எந்த பாக்டீரியா என்று 16எஸ் மரபணு வரிசையும் பார்த்துக் கொடுத்த பெயர் ஆக்டினோமதுரா மதுரே. ஆமாம், நம்ம மதுரைதான். 1842இல் மதுரை மருந்தகத்தில் கில் என்ற மருத்துவர் எழுதிவைத்த இந்த நோய்தான் பிறகு 'மதுரா பாதம்' என்றே ஆனது. மதுரைக்காரருக்கு அதைக் கண்டுபிடிக்க இத்தனை வருடம்!

பாக்டீரியா என்று தெரிந்ததும் மருந்தே மாறியது: சுற்றுச் சுற்றாக அமிகாசின் ஊசி, கூடவே கோட்ரைமாக்சசோல், இரண்டுமே பாக்டீரியாவுக்கான மருந்து. இப்போது இரண்டு ஓட்டை மூடியிருக்கிறது.

சரி, அந்த ஒரு நட்சத்திரம். மூன்று வாரம் ஆகும் என்பதை முதல் நாளே யாரும் சொல்லவில்லை. 'ரிப்போர்ட் வந்ததா' என்று கேட்கவே இரண்டு தடவை அப்பாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன், அந்தக் காலோடு.