டீகப் பூடில் வாங்கப் போகிறீர்களா? எங்கள் வீட்டில் நடந்ததை ஒருமுறை வாசித்துவிடுங்கள்

நாய் உயிரோடுதான் இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லோரும் பாதியில் நிறுத்தி அதைத்தான் கேட்கிறார்கள். பெயர் முறுக்கு. வயது 11 மாதம். எடை 8.7 கிலோ. விற்றவன் சொன்ன கணக்குப்படி இரண்டு கிலோவைத் தாண்டவே கூடாது.

நாங்கள் இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு தொடர்மாடியின் ஐந்தாவது மாடியில். நாய், பூனைக்கு எங்கள் நிர்வாகக் குழு லேசில் அனுமதி தராது. மகள் இரண்டு வருடமாக நச்சரித்து, கடைசியில் குழுவின் செயலாளர் அங்கிள், "ஐஞ்சு கிலோவுக்குள்ள எண்டா வளருங்கோ" என்று ஒரு கடிதம் தந்தார். அதோடு என் அம்மாவுக்கு இழுப்பு வேறு. சின்னதாக இருக்க வேண்டும், முடி கொட்டக் கூடாது என்று தேட ஆரம்பித்தால் எந்தப் பக்கம் போனாலும் பூடிலில்தான் போய் நிற்கிறது. நானும் அங்கேதான் போய் நின்றேன்.

இணையத்தில் விளம்பரம். நீலப் பூப்போட்ட தேநீர்க் கோப்பை ஒன்று, அதற்குள்ளிருந்து செம்பட்டைச் சுருள்முடித் தலை ஒன்று எட்டிப் பார்க்கிறது. "டீகப் பூடில், ஆண், ரெட் கலர், 12 கிழமை, இரண்டு ஊசி போட்டது, பேப்பர் உண்டு." விலை 185,000 ரூபாய். வாட்ஸப்பில் கேட்டேன். தமிழ்ப் பொடியன்தான், வாய்க்கு வாய் "அக்கா, அக்கா". மரியாதைக்குக் குறைவில்லை.

பச்சைப் பொய்யாகச் சொல்லியிருந்தால் நான் பிடித்திருப்பேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவன் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை நானும் எங்கேயோ வாசித்திருந்தபடியால் மிச்சத்தையும் நம்பிவிட்டேன். தாய் நாயைப் பார்க்க வரலாமா என்று கேட்டபோது, "நீர்கொழும்பிலதான் அக்கா எங்கட இடம். ஆனா வெளியாக்கள உள்ள விடுறேல்லை. சப்பாத்தில ஒட்டி பார்வோ வந்திடும்" என்றான். உள்ளதுதான். நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் நிலத்தில் மாதக்கணக்கில் கிடக்கும், சாதாரண சவர்க்காரத்துக்குச் சாகாது, பிளீச் போட்டுக் கழுவ வேண்டும். இவ்வளவு கவனமாக இருக்கிறானே என்று நான் மெச்சிக்கொண்டேன், பாருங்கள். வீட்டுக்குள் விடாவிட்டாலும் தாயைக் குட்டிகளோடு வீடியோ அழைப்பில் காட்டலாமே என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. முறையாக வளர்ப்பவர்கள் கேட்காமலே காட்டுவார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

பேப்பர் என்றால் கெனல் பதிவுப் பத்திரம், நாயின் இனத்தையும் தாய் தகப்பனையும் காட்டுவது. "அது மூன்று மாசத்தில வரும் அக்கா." இதுவும் பாதி உண்மை, பத்திரம் வரக் கொஞ்சம் நாள் எடுக்கும்தான். ஆனால் தாய்க்கும் தகப்பனுக்கும் ஏற்கெனவே பதிவு இலக்கம் இருக்க வேண்டுமே! அதைக் கேட்டு வாங்கி, இலங்கை கெனல் அசோசியேஷனில் ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். நான் விசாரித்தது குட்டிக்கு என்ன நிறத்தில் கழுத்துப்பட்டி நன்றாக இருக்கும் என்று.

முன்பணம் 40,000 வங்கிக் கணக்குக்குப் போனது. கணக்கு வேறொருவர் பெயரில் இருந்தது. "மச்சான்ட அக்கவுண்ட் அக்கா." மிச்சம் கையில் காசாக. இடம் பம்பலப்பிட்டியில் ஒரு கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடம், ஞாயிறு மாலை. வந்த வான் வண்டியின் இயந்திரத்தை அவன் நிறுத்தவேயில்லை. சப்பாத்துப் பெட்டியில் துணி விரித்து, அதில் குட்டி நித்திரை. ஒரு ஊசி அட்டை, பொலித்தீன் பையில் கொஞ்சம் உணவு. ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. "ஏன் இவ்வளவு சின்னன்?" என்று கணவர் ஒரு கேள்வி கேட்டார். "டீகப் எண்டா அப்பிடித்தான் அண்ணா, இதுக்கு மேல வளராது." அண்ணாவுக்கும் அக்காவுக்கும் பரம திருப்தி.

வீட்டுக்கு வந்த குட்டி அந்த உலர் உணவை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தண்ணீரில் ஊறவைத்துக் கொடுத்தும் நக்கிவிட்டு விட்டது. புது இடம், பயந்திருக்கும் என்று நினைத்தோம். இரண்டாம் நாள் இரவு இரண்டு மணிக்கு மகள் எழுப்பினாள். குட்டி ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிறது, கால்கள் வெட்டி வெட்டி இழுக்கின்றன, உடம்பு சில்லிட்டிருக்கிறது. இரவுச் சேவை உள்ள மிருக வைத்தியசாலை ஒன்றுக்கு அழைத்தேன். போனில் இருந்தவர் பதறாமல் சொன்னார்: தேனோ குளுக்கோஸ் கரைசலோ விரலில் தொட்டு பல்முரசில் பூசுங்கள், வாய்க்குள் ஊற்றாதீர்கள், புரைக்கேறிவிடும், துணியால் சுற்றிச் சூடாக வைத்துக்கொண்டு உடனே வாருங்கள். தேன் பூசிப் பத்து நிமிடத்தில் தலையைத் தூக்கியது. காலி வீதியில் அந்த நேரத்தில் ஆட்டோ கிடைத்தது எங்கள் பெரிய அதிர்ஷ்டம்.

இரத்தத்தில் சீனி விழுந்திருக்கிறது. மிகச் சிறிய குட்டிகளின் உடம்பில் சேமிப்பு என்று ஒன்றும் இல்லை. சில மணி நேரம் வயிறு காய்ந்தால் போதும், இப்படி விழுந்துவிடும். அதனால்தான் மூன்று நான்கு மணிக்கொரு முறை கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். இதை விற்றவன் சொல்லவில்லை.

அந்த டொக்டர் அம்மா குட்டியின் வாயைத் திறந்து பார்த்தார். பிறகு ஊசி அட்டையைப் பார்த்தார். மறுபடி வாயைப் பார்த்தார்.

"எத்தனை கிழமை எண்டு சொன்னவை?"

"பன்னிரண்டு, டொக்டர்."

"முன்பற்களே இப்பதான் முளைச்சிருக்கு. கடைவாய்ப் பக்கம் ஒண்டுமில்லை."

நாய்க்குட்டிக்கு மூன்று, நான்கு கிழமையில் பால்பல் முளைக்கத் தொடங்கும். எட்டுக் கிழமைக்குள் 28 பல்லும் பெரும்பாலும் வந்துவிடும். சின்ன இனங்களுக்குக் கொஞ்சம் பிந்தும் என்று அவரே சொன்னார். அதற்காக 12 கிழமைக் குட்டிக்கு வாய் வெறுமையாக இருக்காது. கண்ணின் நீலம் இன்னும் மாறவில்லை, நடை தள்ளாடுகிறது, எடை 650 கிராம். ஐந்து கிழமைக்கு மேல் சொல்ல முடியாது என்றார். தாயிடமிருந்து பிரிக்கவே கூடாத வயது. குறைந்தது எட்டுக் கிழமையாவது தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் இருக்க வேண்டும்.

அப்புறம் அட்டை. ஆறாம் கிழமையில் ஒரு ஊசி, ஒன்பதாம் கிழமையில் ஒன்று என்று திகதியோடு எழுதியிருந்தது. திகதியைப் பின்னோக்கி எண்ணினோம். முதல் ஊசி போட்டது ஆறு கிழமைக்கு முன். குட்டி பிறந்தது ஐந்து கிழமைக்கு முன். அதாவது எங்கள் முறுக்கு பிறப்பதற்கு ஒரு கிழமை முன்னாலேயே தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். அந்த நிலையிலும் டொக்டர் சிரித்துவிட்டார், நானும் சிரித்தேன், பிறகு அழுதேன்.

அட்டையை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அன்று அவர்தான் காட்டித் தந்தார். ஊசி மருந்துக் குப்பியில் இருக்கும் சிட்டையை உரித்து அட்டையில் ஒட்டுவார்கள், அதில் தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் இருக்கும். பக்கத்தில் வைத்தியரின் பெயர், பதிவு இலக்கம், கையொப்பம். எங்கள் அட்டையில் சிட்டை இல்லை, பேனாவால் எழுதிய பெயர்தான். முத்திரை மையில் குழம்பிக் கிடந்தது. உண்மையான வரிசையில் முதல் ஊசி ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் தொடங்கி, மூன்று நான்கு கிழமைக்கொரு தடவை, 16 கிழமை வரை போகும். விசர்நாய்க் கடிக்கான ஊசி அதற்குள் தனியாக வரும். அதுவரை வெளி நிலத்தில் இறக்கவே கூடாது.

பார்வோ சோதனையில் இல்லை என்று வந்தது. இரத்தம் உறிஞ்சும் குடற்புழுவான கொக்கிப்புழு நிறைய இருந்தது, முரசு வெளுத்துப்போய்க் கிடந்தது. அந்தக் கிழமை மட்டும் 31,400 ரூபாய் போனது.

விற்றவனுக்கு அழைத்தேன். முதல் இரண்டு நாள் "அக்கா, ட்ரிப்பில இருக்கிறன்". மூன்றாம் நாள் இலக்கம் இல்லை. பொலிஸில் முறைப்பாடு எழுதிக்கொண்டார்கள், விளம்பரத்தின் படம் இருக்கிறதா என்று கேட்டார்கள். விளம்பரம் அதற்குள் அழிந்துவிட்டது. வங்கிச் சீட்டு ஒன்றுதான் கையில். ஆகவே விளம்பரத்தைப் பார்த்த உடனேயே திரைப்பிடி (ஸ்கிரீன்ஷொட்) எடுத்து வையுங்கள், குரல் செய்திகளை அழிக்காதீர்கள்.

இனி அந்த "டீகப்" கதை. அப்படி ஓர் இனமே கிடையாது. சர்வதேச நாயினச் சம்மேளனமான எஃப்.சி.ஐ. பூடிலை நான்கு அளவாகப் பிரிக்கிறது. தோள்பட்டை உயரத்தில் டோய் 24 முதல் 28 சென்ரிமீற்றர், மினியேச்சர் 28 முதல் 35, மீடியம் 35 முதல் 45, ஸ்டாண்டர்ட் 45 முதல் 60. அமெரிக்காவில் மூன்றாகப் பிரிக்கிறார்கள், அங்கேயும் டீகப் இல்லை. உண்மையிலேயே டோயை விடக் குட்டையாக வேண்டுமென்றே வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவை உச்சந்தலை எலும்பு மூடாமலும், முழங்கால் சில்லு விலகியும், சீனி விழுந்தும் பாடுபடும். என் விடயத்தில் அந்தக் கொடுமைகூட இல்லை. பெரிதாக வளரப்போகிற குட்டியை ஐந்து கிழமையில் பிடுங்கி, இதுதான் முழு அளவு என்று கோப்பைக்குள் வைத்துக் காட்டியிருக்கிறான். அவ்வளவுதான் வித்தை. முறுக்கு இன்று 36 சென்ரிமீற்றர், மீடியம். முதலில் ஜேர்மனியில் தண்ணீரில் விழுந்த வாத்தை எடுத்துவர வைத்திருந்த நாய் இது. பூடில் என்ற பெயரே அங்கே தண்ணீரில் அளைவதற்கான சொல்லிலிருந்துதான் வந்தது. சின்ன உருவங்கள் பிறகு வளர்த்தெடுத்தவை. மழை விட்ட பிறகு கடலோர மரைன் டிரைவ் வீதியில் இவனை நடத்திப் பாருங்கள், ஒரு குட்டையைக்கூட விடமாட்டான்.

"ரெட்" நிறமும் போய்விட்டது, இப்போது பாற்தேநீர் நிறம். இதற்கு அவனைத் திட்ட முடியாது. பூடில்களில் சிவப்பும் ஏப்ரிகொட்டும் வளர வளர வெளுப்பது வழக்கம். நிறத்துக்கென்று 25,000 கூட்டி வாங்கினானே, அதற்குத் திட்டுவேன்.

கடைசியாக முடி. "முடி கொட்டாது அக்கா, ஒரு வேலையும் இல்லை." கொட்டுகிறது. கொட்டிய முடி தரையில் விழாமல் சுருளுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது, அங்கே இருந்து திரியாகி, பிறகு கம்பளிபோல் தோலோடு இறுகுகிறது. குட்டி முடி போய்ப் பெரிய முடி வருகிற ஒன்பது, பத்து மாதத்தில் இது உச்சம். அம்மாவின் இழுப்புக்கும் இதில் முழுத் தீர்வு இல்லை, ஒவ்வாமை தருவது முடியை விட எச்சிலும் தோல் பொருக்கும்தான். அம்மாவின் அறைக்குள் அவனை விடுவதில்லை, சமாளிக்கிறோம்.

இந்த இடத்தில்தான் இரண்டாவது தடவை ஏமாந்தோம். கொழும்பில் நாய்களுக்கு முடி வெட்டும் இடம் ஒன்றில் ஒரு மாலை விட்டோம். சிக்கு எடுக்காமலே குளிப்பாட்டியிருக்கிறார்கள். நனைந்த சிக்கு இன்னும் இறுகும், பிறகு சீப்பு இறங்காது. அதனால் மெஷினைத் தோலோடு வைத்து ஒட்ட வழித்துவிட்டார்கள். அக்குளிலும் வயிற்றிலும் மெஷின் சூட்டில் சிவந்த தடம், காது ஓரத்தில் ஒரு வெட்டு. காதுக்குள் இருந்த முடியையும் ஒரே மூச்சில் பிடுங்கியிருக்கிறார்கள். நான்கு நாளில் காது நாறத் தொடங்கியது, இந்த ஊர்ப் புழுக்கத்தில் சொல்லவே வேண்டாம். 7,500 ரூபாய் பில், மேலே டொக்டர் செலவு. கேட்டால், "நீங்க வீட்டில வாருறேல்லை போல" என்கிறார்கள். அதுவும் பாதி உண்மை, அதுதான் எனக்குக் கூடுதல் எரிச்சல்.

வாரிக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் மேலால். இப்போது செய்வது இது: முடியைக் கையால் பிரித்து, தோல் தெரிகிற மாதிரி வகிடு வகிடாக, கம்பிப் பல் தூரிகையால் அடியிலிருந்து வாருவேன், அப்புறம் இரும்புச் சீப்பு. சீப்பு தடையில்லாமல் போனால்தான் குளியல். காதுக்குப் பின்னால், அக்குள், கழுத்துப்பட்டி உரசும் இடம், இந்த மூன்றிலும்தான் முதலில் திரிக்கும். தினமும் 15 நிமிடம், ஐந்து ஆறு கிழமைக்கொரு தடவை வெட்டு. இப்போது வெட்டுகிறவர் நான் பக்கத்தில் நின்று பார்க்க விடுகிறார். விடமாட்டோம் என்கிற இடத்தில் நாயை விடுவதில்லை.

செயலாளர் அங்கிள் போன மாதம் மின்தூக்கிக்குள் முறுக்கை மேலும் கீழும் பார்த்தார். "பிள்ளை, இது ஐஞ்சு கிலோவா?" என்றார். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். வரும் கூட்டத்தில் பேசுவோம் என்றிருக்கிறார், டொக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்திருக்கிறேன். அனுப்பச் சொன்னால் வீடு மாறுவோம் என்று மகள் இப்போதே அறிவித்துவிட்டாள்.

இதை எழுதக் காரணம், போன கிழமை அதே படத்தை மறுபடி பார்த்தேன். இலக்கம் வேறு, பெயர் வேறு, விலை 210,000. குட்டிக்கு இன்னும் 12 கிழமைதானாம். நீலப் பூப்போட்ட கோப்பை, கைப்பிடியில் மெல்லிய வெடிப்பு ஒன்று தெரியும். அந்தக் கோப்பையைக் கண்டால் முன்பணம் போடாதீர்கள். திரைப்பிடி எடுத்து எனக்கு அனுப்புங்கள், முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.